கேள்வி மைக்குக்குப் பழைய செல்லு

பேட்டரிச் செல்லு கெட்டுப்போறதுக்கு ஆறு காரணம் இருக்கு வக்கீலம்மா. அந்த ஆறுல ஒண்ணுகூட நான் கிடையாது. இதை மொதல்ல எழுதிக்கோங்க. எழுதலையா? சரி, பெறகு எழுதுங்க. உக்காருங்க. பேச்சி, மதுரையிலருந்து வந்திருக்காக, நீர்மோர் கொண்டா. வெயில்ல வந்தவுகளுக்கு டீயைப் போட்டு உயிரை வாங்காத.

எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். ஒத்தப்பனைப்பட்டி கல்குவாரிக் கேசு. குவாரியைப் பெருசாக்குறதுக்கு ஊர்ச் சனங்ககிட்ட கருத்துக் கேட்டாகள்ல, அந்தக் கூட்டத்துக்கு மைக் செட்டு நம்மதுதான். வனராஜ் சவுண்ட் சர்வீஸ். இல்லைன்னு சொல்லல. நீங்க வீடியோவைப் பாத்துட்டுத்தான் வந்திருப்பீக. குருவம்மாக்கா வாய் அசையுது, சத்தம் இல்ல. ஏழு நிமிஷம். பக்கத்துல ஊதாச் சட்டை போட்டு ஒருத்தன் மைக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறான். அது நான்தான். அதையும் இல்லைன்னு சொல்லல.

ஆனா செல்லைப் பத்தித் தெரியாம அந்தக் கூட்டத்தைப் பத்திப் பேசுனா, அடுப்பைப் பாக்காம சோறு ஏன் வேகலைன்னு கேக்குற மாதிரி. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுமையாக் கேளுங்க. பேனா அங்கயே இருக்கட்டும்.

கார்ட்லெஸ் மைக்குல ரெண்டு பென்சில் செல்லு போகும். கடையில வாங்கி, தீந்ததும் தூக்கிப் போடுறது ஒரு வகை. நான் வச்சிருக்கது சார்ஜ் ஏத்துற வகை. இந்தா, இந்த டப்பாவுல பாருங்க. ஒவ்வொரு செல்லுலயும் ஒரு பொட்டு இருக்கா? எம் மக நகத்துக்குப் பூசுற சாயம். இது ரெண்டும் சிவப்பு, இது ரெண்டும் பச்சை, இது ரெண்டும் கத்தரிப்பூ. ஏன்னா செல்லுங்கறது புருசன் பொண்டாட்டி மாதிரி. சேந்தே சார்ஜ் ஏறணும், சேந்தே ஓடணும், சேந்தே வயசாகணும். புதுசு ஒண்ணும் பழசு ஒண்ணும் சேத்துப் போட்டா, பழசு சீக்கிரம் படுத்துரும், புதுசு அதைப் போட்டு அமுக்கும், கடைசியில ரெண்டும் நாசம். இது மொதக் காரணம்.

ரெண்டாவது சூடு. சிலபேரு சார்ஜரைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர் மேல வைப்பான். அது கொதிக்கிற இடம். செல்லுக்குச் சூடு ஆகாது. வண்டியில பூட்டிப் போட்டுட்டு சாப்பிடப் போவான், அதுவும் ஆகாது. மூணாவது, வேலை முடிஞ்சதும் மைக்குக்குள்ளயே விட்டுர்றது. செல்லு கசிஞ்சு, ஸ்பிரிங்குல பச்சையாப் பூத்துப்போகும். நான் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சும் கழட்டி, பிள்ளைக அழிக்கிற ரப்பரை வச்சு முனையைத் தேச்சு, டப்பாவுல வச்சுத்தான் வீட்டுக்கு வருவேன். பேச்சிகிட்ட கேளுங்க. கல்யாண நாளை மறந்திருக்கேன், செல்லைக் கழட்ட மறந்ததில்ல.

நாலாவது, சார்ஜ் ஏத்தி வச்சுட்டோம்னு நம்பி ஒரு மாசம் கழிச்சு எடுக்குறது. சும்மா கிடந்தாலும் உள்ள இறங்கிக்கிட்டேதான் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் திரும்ப ஏத்தணும். முன்னால எல்லாம் முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்பாக. அது அந்தக் காலத்துச் செல்லுக்குச் சரி, இப்ப வர்றதுக்கு அது விஷம். இப்படி எவ்வளவோ இருக்கு. இந்தச் சுத்துவட்டாரத்துல பத்து மைக் செட்டுக்காரன் இருக்கான். இதெல்லாம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

அப்ப ஏன் அன்னைக்கு நின்னுபோச்சுங்கறீக.

சொல்றேன். செல்லு பழசானா உடனே தூக்கிப் போட மாட்டோம். இது எங்க தொழில்ல வழக்கம், நான் ஒருத்தன் கண்டுபிடிச்சதில்ல. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ரெண்டு கார்ட்லெஸ். ஒண்ணு மேடைக்கு. இன்னொண்ணு கீழ, சனங்க கேள்வி கேக்குறதுக்கு. அதுக்குக் கேள்வி மைக்குன்னே பேரு. புதுச் செல்லு வாங்குனா ஒரு வருசம் மேடை மைக்குல ஓடும். கொஞ்சம் தளர்ந்ததும் கேள்வி மைக்குக்கு இறக்கிவிட்டுருவோம். மேடையில தலைவர் பேசும்போது நின்னா மானம் போகும். கீழ ஒருத்தர் கேள்வி கேக்கும்போது நின்னா, "சத்தமாச் சொல்லுங்க"ன்னு ஒரு குரல் குடுத்துட்டுப் போயிருவாக. யாரும் கேக்குறதில்ல.

உண்மையைச் சொல்லப்போனா கூட்டம் நடத்துறவுகளுக்கு அது ஒரு சவுரியம். கூட்டுறவுச் சங்கக் கூட்டம், ஸ்கூல்ல பெத்தவுக கூட்டம், சீட்டுக் கம்பெனிக் கூட்டம், எல்லாம் பாத்துட்டேன். கேள்வி மைக்கு கரகரன்னதும் மேடையில இருக்குறவுக மூஞ்சியில ஒரு நிம்மதி வரும் பாருங்க. "நேரம் கருதி"ன்னு ஆரம்பிச்சுருவாக. இருபத்தி ரெண்டு வருசம் மைக் செட்டு போட்டவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா அதுக்காக நான் பழசைப் போடல. பழசைப் போட்டேன், அவுகளுக்கு அது சவுரியமா இருந்துச்சு. ரெண்டும் வேற வேற.

மோர் குடிங்க. பேச்சி, உப்புப் போட்டியா?

அந்தக் கூட்டம் பள்ளிக்கூடத்து மைதானத்துல. நடத்துனது அதிகாரிக. பந்தல், நாற்காலி, மைக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் குவாரி மேனேஜர் சௌந்தர் ஏற்பாடு. சௌந்தர் சார் நமக்குப் பழக்கம். ஆயுதபூசைக்கு, அவரு வீட்டுக் காதுகுத்துக்கு எல்லாம் நான்தான். அதுக்காக நான் அவரு ஆளுன்னு எழுதிராதீங்க. அன்னைக்கு அவருகிட்டருந்து கூடுதலா ஒரு டீகூட வாங்கிக் குடிக்கல. எம் பிள்ளை மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

மேடையில சிவப்புப் பொட்டு. கேள்வி மைக்குல கத்தரிப்பூ. கத்தரிப்பூ ஜோடிக்கு அப்ப மூணு வயசு. முந்தின நாள் சார்ஜ் ஏத்துனேன், சார்ஜர்ல பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. ஆனா கிழட்டுச் செல்லுக்கு அந்தப் பச்சை விளக்கை நம்பக் கூடாது. குடிக்க முடியாதவன் ரெண்டு மடக்குலயே வயிறு ரொம்பிருச்சும்பான்ல, அப்படித்தான். ஏறுனது கொஞ்சம், விளக்கு முழுசுன்னு சொல்லும். எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மணி நேரம் தாங்கும்னு நினைச்சேன்.

அதோட வீடியோ விசயத்தையும் சொல்லிர்றேன். அதிகாரிக கூட்டிட்டு வந்த வீடியோக்காரரு என் மிக்ஸர்லருந்து ஒரு வயரு இழுத்துக்கிட்டாரு. அவரு கேமராவுல சத்தம் அந்த வயர் வழியா மட்டும்தான் போகும். என் மைக்குல ஏறாதது பதிவுல இல்ல. பந்தலே அதிர்ற மாதிரி கத்துனாலும் இல்ல. இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சனங்களுக்குத் தெரியாது.

முதல்ல நாலு பேரு பேசுனாக. நாலு பேரும் ஒரே மாதிரி. வாழ்க, ஒழிக, விட மாட்டோம், மண்ணு எங்க மண்ணு. அதிகாரி தலையை ஆட்டிக்கிட்டு எழுதவே இல்ல. எழுதுறதுக்கு அதுல ஒண்ணும் இல்லையே. நாலாவது ஆளு பேசும்போதே மைக்கு அடியில சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பிச்சிருச்சு. மினுங்குனா இன்னும் ரெண்டு நிமிஷம்னு அர்த்தம்.

அஞ்சாவதா குருவம்மாக்கா எந்திரிச்சாக.

நான் சனங்க கையில மைக்கைக் குடுக்குறதில்ல. டொக்கு டொக்குன்னு தட்டுவாக, புஸ்ஸுன்னு ஊதுவாக, கீழ போடுவாக. நானே புடிச்சுக்கிட்டு வாய்கிட்ட நீட்டுவேன். அக்கா உக்காந்திருந்தது பந்தக்கால் ஓரத்துல, என் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸுக்கு ரெண்டு முழம் தள்ளி. அங்கனயே நின்னு பேசுனாக. அவுகளுக்குக் காது மந்தம். அந்தக் குவாரியிலயே கல்லு உடைக்கிற மிசின்கிட்ட பதினோரு வருசம் வேலை பாத்தவுக. ரெண்டு காதும் அங்கதான் போச்சு. கிட்ட நின்னு கத்துனாத்தான் விளங்கும்.

"எம்பேரு குருவம்மா"ன்னாக. அந்த ஒரு வார்த்தை மட்டும் ஊளையோட சேந்து பாக்ஸுல வந்துச்சு. அதுவும் "குருவ"ங்கறதோட நின்னுபோச்சு. விளக்கு அணைஞ்சிருச்சு.

அணைஞ்சது எனக்குத் தெரியுமாங்கறீக. எப்படித் தெரியாம இருக்கும்? விளக்கைப் பாக்காட்டிக்கூடத் தெரியும். பாக்ஸுகிட்ட மைக்கைக் கொண்டுபோனா கூஊஊன்னு ஊளையிடும், நீங்களே எத்தனை கல்யாணத்துல கேட்டிருப்பீக. ரெண்டு முழத்துல நிக்கிறேன், ஊளையே இல்ல. செத்த மைக்குதான் ஊளையிடாது.

கூட்டத்துலருந்து ரெண்டு பேரு "சத்தம் வரலை"ன்னாக. நான் இந்தக் கையை இப்படி ஆட்டுனேன். வரும் வரும்னு. அப்பப் பாத்துப் பின்னால சாப்பாட்டுப் பொட்டலம் குடுக்க ஆரம்பிச்சாக. பாதிச் சனம் எந்திரிச்சு அங்க போயிருச்சு. ஜெனரேட்டர் வேற பக்கத்துல கத்துது. மேடையில அதிகாரி செல்போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. குருவம்மாக்கா மட்டும் பேசிக்கிட்டே இருந்தாக. அவுகளுக்குத்தான் காது கேக்காதே, பாக்ஸுல வருதா வரலையான்னு என்ன தெரியும்? பாவம், ஊரே கேட்டுக்கிட்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா விரல் மடக்கிச் சொன்னாக. ஏழு நிமிஷம். முடிச்சுட்டு மேடையைப் பாத்து ஒரு கும்புடு. அதிகாரி நிமுந்து பாத்து, "நன்றிம்மா, அடுத்து"ன்னாரு.

அவ்வளவுதான் நடந்தது. கிழட்டுச் செல்லு, காலை வாரிருச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்பாக. எழுதிக்கோங்க. மின்கலம் பழுதானதால ஒலி பதிவாகலைன்னு. நல்ல தமிழ்ல நீங்களே எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

என்ன? ஏன் எழுத மாட்டேங்கறீக?

அடுத்த ஆளா?

ம்.

அடுத்த ஆளு பேசுனது கணீர்னு வருதுங்கறீக.

வரும். வரத்தான் செய்யும். பேச்சி, நீ உள்ள போ. போங்கறேன்ல. சரி, இரு. நீயும் கேளு. உங்கிட்டயும் சொல்லல.

வக்கீலம்மா, அன்னைக்கு என் சட்டைப் பையில பச்சைப் பொட்டு ஜோடி இருந்துச்சு. புதுசு. முழுச் சார்ஜ். மேடை மைக்கு நின்னா மாத்துறதுக்குன்னு எப்பவும் ஒரு ஜோடி பையில இருக்கும். மாத்துறதுக்கு அரை நிமிஷம் போதும். அடியைத் திருகி, ரெண்டைத் தட்டி, ரெண்டைப் போட்டு, மூடுனா முடிஞ்சுது. கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன். "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொன்னா இருந்திருப்பாக.

விளக்கு அணைஞ்சதும் கை பைக்குப் போயிருச்சு. பழக்கம்ல, தன்னால போகும். ரெண்டு செல்லையும் விரலால தொட்டுட்டேன். அப்ப நிமுந்தேன். மேடை ஓரத்துல சௌந்தர் சார் நின்னுக்கிட்டு இருந்தாரு. உள்ளங்கையைக் கீழ பாத்து இப்படி வச்சு, லேசா அமுக்குனாரு. இருக்கட்டும்னு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல. ஒரு ரூபாய் குடுக்கல. குடுத்திருந்தாலாவது, காசு வாங்கிட்டான் பாவின்னு நானே என்னைத் திட்டியிருப்பேன். காசே வாங்காம செஞ்சவனை என்னன்னு திட்டுறது?

கையை எடுத்துட்டேன்.

அக்கா முடிச்சதும் அடுத்து எந்திரிச்சது குவாரி லாரி ஓட்டுற பையன். குவாரி வந்தா ஊரு செழிக்கும்னு பேச வச்சிருந்தாக. அவன் எந்திரிக்கிறதுக்குள்ள நான் பச்சைப் பொட்டை மாத்திட்டேன். யாரும் மாத்தச் சொல்லல. சௌந்தர் சார்கூடச் சொல்லல. நானாத்தான் மாத்துனேன். அந்த அரை நிமிஷம் அப்ப எங்கருந்தோ வந்துச்சு.

இப்ப எழுதுறீக. எழுதுங்க.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு பெரியவுக சும்மாவா சொன்னாக. அனுமதி கிடைச்சிருச்சுன்னு பேப்பர்ல பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இவ வெயில்ல அலைஞ்சதுன்னா, உப்புச் சக்கரைத் தண்ணி கரைச்சுக் குடுத்தா. நான் குடிச்சேன். என்னன்னு சொல்றது? அதுக்கப்புறம் குவாரி வேலைக்கு நான் போறதில்ல. முதுகு வலின்னு சொல்லிட்டேன். ஒத்தப்பனைப்பட்டி வழியாப் போக வேண்டிய ரோட்டை விட்டுட்டு, ரெண்டு மைல் சுத்திப் போறேன். மடியில கனம் இருந்தா வழியில பயம்தானே. கேள்வி மைக்குக்கும் இப்ப புதுச் செல்லுதான் போடுறேன், எந்தக் கூட்டமா இருந்தாலும். அதனால அது சரியாப் போச்சுன்னு சொல்ல வரல. சொல்ல வரலைன்னா எதுக்குச் சொல்றேன்னு தெரியல.

ஆனா தப்பிக்க முடியுமா? ரெண்டு ஊருக்கும் ரேசன் கடை ஒண்ணுதான், போன மாசம் வரிசையில எனக்கு முன்னால அவுக. திரும்பிப் பாத்துட்டு, "என்ன வனராசு, ஆளையே காணோம்? மைக்கெல்லாம் நல்லா ஓடுதா?"ன்னாக. ஒரு கோவம் இல்ல, ஒரு சடவு இல்ல. அவுக வீட்டு மேக்குச் செவுரு மேலருந்து கீழ விண்டு நிக்குதாம். கை உள்ள போகுமாம். வெடி போடுறப்பல்லாம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடி வராகளாம். ஆபீசுல போய்க் கேட்டா, வரைபடத்துல அந்த இடத்துல வீடே இல்லைங்கறாகளாம். "நான்தான் அன்னைக்குக் கூட்டத்துல அவ்வளவு சொன்னேனே"ன்னாக. நான் மண்ணெண்ணெய் டப்பாவைப் பாத்துக்கிட்டு நின்னேன். மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் வாங்காமலே வந்துட்டேன்.

அதனால வக்கீலம்மா, உங்க கால்ல விழுந்து கேக்குறேன். கோர்ட்டுல என்ன வேணாலும் எழுதுங்க. வனராஜ் செல்லை வேணும்னே மாத்தலைன்னு எழுதுங்க. சௌந்தர் சார் பேரையும் போடுங்க, எனக்குப் பயம் இல்ல. பயம் இருக்கு, பரவாயில்ல. ஆனா குருவம்மாக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். அவுக பேசிட்டோம்னு நம்பிக்கிட்டு இருக்காக. அந்த ஒரு நிம்மதியையும் நாம எதுக்குப் புடுங்கணும்? அவுக நல்லதுக்குத்தான் சொல்றேன். எனக்காக இல்ல.

ஏன் அப்படிப் பாக்குறீக?

யாரு?

அவுகளா உங்களை அனுப்புனாக?

இருங்க. மெதுவாச் சொல்லுங்க. பேச்சி, அந்த ஃபேனை நிப்பாட்டு, கடகடன்னு.

பாக்ஸு அதிரலைன்னா சொன்னாக? ரெண்டு முழத்துல நின்னேன், முன்னால நாலு பேரு பேசும்போது பெட்டி அதிர்ந்தது கால்லயும் நெஞ்சுலயும் தெரிஞ்சுச்சு, எம்பேரைச் சொன்னதோட அதிர்றது நின்னுபோச்சுன்னா? பதினோரு வருசமா மிசினு ஓடுதா நிக்குதான்னு உள்ளங்காலை வச்சுத்தான் பாத்தேன், எனக்கா தெரியாதுன்னா?

அட கடவுளே.

இருபத்தி ரெண்டு வருசமா பாக்ஸு வச்சுப் பொழைக்கிறேன். காது கேக்காதவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிருக்கேன் பாருங்க.

அப்ப அவுகளுக்கு மொதல்லருந்தே தெரியும். நான் பைக்குள்ள கையை விட்டதையும் பாத்தாகளா? பாத்தாகளாமா? எடுத்ததும்? சௌந்தர் கையை அமுக்குனது? சரி, அதை விடுங்க. பெறகு ஏன் வக்கீலம்மா அவ்வளவு நேரம் பேசுனாக? நின்னுபோன மைக்குன்னு தெரிஞ்சும் எதுக்கு அப்படி விரல் மடக்கி மடக்கி, கணக்கு ஒப்பிக்கிற மாதிரி? அங்க கேக்குறதுக்கு யாரு இருந்தா?

சொல்லாதீங்க. நீங்க சொல்லாதீங்க. எனக்கே தெரியுது.

மைக்கைப் புடிச்சிருந்தவன் இருந்தான்.

கூட்டம் முடிஞ்சு எட்டு மாசம். ரேசன் கடையில நிப்பாட்டி, "அன்னைக்கு அவ்வளவு சொன்னேனே"ன்னாக. நான் அது வெள்ளந்தியாச் சொல்றதுன்னு நினைச்சேன். அவுக எட்டு மாசம் பாத்துட்டுத்தான், இவன் தானா வாயைத் திறக்க மாட்டான்னு உங்களை அனுப்பிருக்காக.

பேனாவை எடுங்க. செல்லைப் பத்தி எழுதுன பக்கம் அப்படியே இருக்கட்டும், புதுத் தாள்ல எழுதுங்க. அவுக சொன்னதை நான் சொல்றேன். ஒரு வார்த்தை விடல, மறக்கணும்னு நினைச்சு நினைச்சே எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு.

எம்பேரு குருவம்மா, புருசன் பேரு சீனிச்சாமி, அவரு இல்ல. குவாரிக்கு மேக்க, வேலிக்காத்தான் முள்ளுக்காட்டைத் தாண்டி முதல் வீடு என் வீடு. நீங்க ஊருக்குப் படிச்சுக் காட்டுன தாள்ல அந்தப் பக்கம் வீடே இல்லைன்னு இருக்கு. இருக்கு. நான் அதுலதான் குடியிருக்கேன். கரண்டு பில்லு எம்பேர்ல வருது, இருபது வருசமா வீட்டுத் தீர்வை கட்டுறேன். என் வாசப்படியிலருந்து குழி விளிம்பு வரைக்கும் இருநூத்திப் பதினோரு தப்படி. நானும், அடுத்த வீட்டு அன்னக்கிளியும், அவ மகனும் மூணு தடவை நடந்து எண்ணுனோம். என்னை நம்ப வேணாம். நாலு எட்டு வச்சு நடந்து பாத்துட்டு எழுதுங்க. ஒரு நாளைக்கு ஒருதடவை, மதியம் மட்டும் வெடின்னு தாள்ல இருக்கு. மூணு தடவை போடுறாக. காலையில போடுறது ஸ்கூலுக்குப் பிள்ளைக போற நேரம். ஆடி மாசம் ஒரு கல்லு பறந்து வந்து மாட்டுக் கொட்டகை ஓட்டைப் பேத்துக்கிட்டு விழுந்துச்சு. அந்தக் கல்லைக் கழுவி வச்சிருக்கேன், யாரு வந்தாலும் காட்டுவேன். குவாரி வேணாங்கலை. அங்க வேலை பாத்துத்தான் என் மகளைக் கட்டிக் குடுத்தேன். என் வீடு இருக்குன்னு மட்டும் எழுதிக்கோங்க.

இதுதான் வக்கீலம்மா. அன்னைக்குப் பேசுனவுகள்ல எழுதிக்கிறதுக்கு விசயம் சொன்னது அவுக ஒருத்தர்தான். வாழ்க ஒழிக எல்லாம் பதிவுல இருக்கு. வீடு இல்ல.

இன்னும் ஒண்ணு இருக்கு. அது வீடியோவுல தெரியாது, அதுக்குள்ள கேமராக்காரரு மேடைப் பக்கம் திருப்பிட்டாரு. மேடைக்குக் கும்புடு போட்டுட்டு உக்காரப் போனவுக, உக்காரல. என் மணிக்கட்டைப் புடிச்சாக. மைக்கைத் தாழ்த்தி, என் மூஞ்சியைப் பாத்து, "நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சுல்ல வனராசு?"ன்னாக.

நான் தலையை ஆட்டுனேன்.

அதையும் எழுதுங்க. எனக்குக் கேட்டுச்சு.